பீரோவுக்குப் பூட்டு உண்டு, கணிப்பொறிக்கு?

உங்கள் இல்லத்துப் பீரோவைச் சற்று நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பத்திரம், நகை, பாஸ்போர்ட், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், யாரோ நம்பிக் கொடுத்துச் சென்ற பணம் என்று எத்தனையோ அதில் இருக்கின்றன. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்வீர்கள். இல்லத்தரசியின் இடுப்பிலோ தலையணைக்கு அடியிலோ அது பத்திரமாக இருக்கும்.

இப்போது கூடத்தின் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கணிப்பொறியைப் பாருங்கள். பீரோவில் உள்ள அத்தனை தாள்களின் நகலும் அதற்குள் இருக்கிறது. வங்கிக் கணக்கிற்குச் செல்லும் வழியும், குடும்பப் புகைப்படங்களும், வியாபாரக் கணக்கும் அதற்குள்தான். அதன் சாவி யாரிடம்? பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்குக் கிடைக்கும் பதில், 'பூட்டே போடவில்லையே!' என்பதுதான்.

பூட்டு இல்லாமல் இல்லை. கணிப்பொறியை வாங்கும்போதே ஒன்றுக்குப் பல பூட்டுகள் அதனுள் வைத்துத்தான் தரப்படுகின்றன. நாம்தான் அவற்றைத் திறந்தே போட்டிருக்கிறோம். இதனால் என்ன நேரும் என்பதைப் பாகாயத்தில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் அனுபவத்தின் வழியே சொல்வது பயனுடையதாக இருக்கும்.

பாகாயத்தில் ஒரு காலைப்பொழுது

வேலூரின் தென்கோடியில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தைத் தாண்டிச் செல்லும் ஒரு தெருவில் அவருடைய வீடு. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உள்ள சிறிய ஷூ கம்பெனிகளுக்கும் தோல் வியாபாரிகளுக்கும் கணக்கெழுதித் தருவது அவருடைய தொழில். அக்கம்பக்கத்தவர்க்கு ஹஜ் விண்ணப்பத்தையும் உம்ரா பயணத்திற்கான படிவங்களையும் இணையத்தில் நிரப்பித் தருவார். அதற்குக் காசு வாங்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

2021ஆம் ஆண்டு. கொரோனாவின் காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வீட்டில் இருந்தது ஒரே கணிப்பொறி. பகலில் மகனுக்குப் பாடம்; இரவில் அத்தாவுக்குக் கணக்கு. இருவரும் ஒரே பெயரில், கடவுச்சொல் எதுவும் இன்றி அதைத் திறந்து பயன்படுத்தி வந்தார்கள். பாடம் முடிந்த ஒருநாள் மகன், காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு ஒன்றின் இலவசப் பிரதியை எங்கிருந்தோ இறக்கினான். 'நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்தி வைக்கவும்' என்று அதனுடன் ஒரு குறிப்பு இருந்தது. நிறுத்தினான். 'இந்த மென்பொருள் உங்கள் கணிப்பொறியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?' என்று திரை கேட்டது. 'ஆம்' என்றான்.

மறுநாள் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வோர் உறையிலும் ஒரு கடிதம். 'உங்கள் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம். திறக்க வேண்டுமாயின் 980 டாலர். 72 மணி நேரத்திற்குள் தொடர்பு கொண்டால் பாதித் தொகை' என்பது அதன் சாரம்.

ஐந்து ஆண்டுக் கணக்கு போயிற்று. மூத்த மகளின் நிக்காஹ் புகைப்படங்கள் போயின. அவற்றையெல்லாம் விட அவரை வாட்டியது வேறொன்று. நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பத்தாரின் பாஸ்போர்ட் நகல்களும் ஆதார் நகல்களும் அந்தக் கணிப்பொறியில் இருந்தன. பூட்டியவன் அவற்றைப் படியெடுத்துக் கொண்டும் போயிருக்கலாம் அல்லவா? 'என் பொருள் போனால் எனக்கு நஷ்டம். இது பிறருடைய அமானிதம் அல்லவா?' என்றார் அவர்.

அவர் பணம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் திருடன் சொல் தவறமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்குப் பதிலாக அவர் செய்த காரியத்தைப் பின்னர் சொல்கிறோம். அதற்கு முன், எங்கெங்கே பூட்டு இருந்தது, அது எவ்வாறு திறந்தது என்பதைப் பார்ப்போம்.

வாயிற்காவலன் யார்?

கணிப்பொறிக்குள் நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பல. அவை அனைத்திற்கும் அடித்தளமாக இருந்து, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த மென்பொருள் எதைத் தொடலாம் என்று முடிவு செய்வது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மேக் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வீட்டிற்கு வாயிற்காவலன் எப்படியோ, கணிப்பொறிக்கு இயங்குதளம் அப்படி.

இக்காவலன் தொடக்கத்தில் மிகவும் வெகுளியாகவே இருந்தான். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். திரையில் கடவுச்சொல் கேட்கும். 'ரத்து' என்னும் பொத்தானை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம்! அது கதவன்று, கதவின் படம். இன்னாருடைய கோப்பு இது, மற்றவர் தொடக்கூடாது என்று எழுதி வைக்கும் ஏற்பாடே அவற்றின் கோப்பு முறையில் இல்லை. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி வகையில் அந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் அது அலுவலகங்களுக்கானது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் வழியாகத்தான் அது வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு பட்ட அனுபவம் இருந்தது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்னும் புழு, இணையத்தில் இணைந்திருந்தாலே போதும் என்று கணிப்பொறிகளுக்குள் தானாகப் புகுந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பிக்கு வெளியிட்ட இரண்டாம் சேவைத் தொகுப்பில், வெளியிலிருந்து வரும் அழையா விருந்தாளிகளைத் தடுக்கும் 'ஃபயர்வால்' என்னும் தீயரண் இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டது. 2007இல் வந்த விஸ்டாவில், பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கும் வழக்கம் தொடங்கியது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 'டிஃபெண்டர்' என்னும் வைரஸ் தடுப்பு இயங்குதளத்துடன் சேர்ந்தே வந்தது.

இவற்றை அறிந்தபின் பாகாயத்து வீட்டைப் பாருங்கள். வைரஸ் தடுப்பு இருந்தது. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தப்பட்டது. காவலன் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டான். 'ஆம்' என்று சொல்லப்பட்டது. திருடன் சுவரேறிக் குதிக்கவில்லை. கதவைத் தட்டினான், வீட்டுப் பிள்ளையே திறந்துவிட்டது.

தனித்தனிச் சாவி

ஆகவே, முதல் பாடம் கணக்குகளைப் பிரித்துக் கொள்வது. ஒரு கணிப்பொறியில் எத்தனை பேர் இருந்தாலும் அவரவர் பெயரில் தனித்தனிக் கணக்கு வைக்கலாம். இதற்குக் காசு எதுவும் இல்லை. இவற்றில் இரு வகை உண்டு. 'நிர்வாகி' கணக்கு எதையும் செய்யலாம்; புதிய மென்பொருளை நிறுவலாம், காவலையே நிறுத்தலாம். 'சாதாரண' கணக்கு தன் வேலையை மட்டும் பார்க்கும்; கணிப்பொறி முழுவதையும் பாதிக்கும் எந்த மாற்றத்திற்கும் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.

அந்தச் சிறுவன் சாதாரணக் கணக்கில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வைரஸ் தடுப்பை அவனால் நிறுத்த முடிந்திராது. ஒருவேளை தீய மென்பொருள் எப்படியோ இயங்கியிருந்தாலும் அவனுடைய கோப்புகளோடு நின்றிருக்கும். அத்தாவின் உறைக்குள் நுழைய அதற்கு உரிமை இருந்திராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம்மில் பலர் எல்லாவற்றையும் 'டி' என்னும் பகுதியில் கொட்டி வைக்கிறோம். அப்பகுதி பெரும்பாலும் வீட்டார் அனைவருக்கும் பொதுவாகத் திறந்தே இருக்கும். முக்கியமான ஆவணங்கள் அவரவர் கணக்கில் உள்ள 'டாக்குமெண்ட்ஸ்' உறையில் இருப்பதே காப்பு. பொதுத் திண்ணையில் பீரோவை வைத்துவிட்டு, அறைக்கதவைப் பூட்டிப் பயன் என்ன?

லினக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்த வேறுபாடு தொடக்கம் முதலே உண்டு. பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்து கொள்ள 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யுனிக்ஸின் வழியைப் பின்பற்றி, 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அதிலும் பயனர் வேறு, தலைமை நிர்வாகி வேறு. அதனால் லினக்ஸுக்குத் தீங்கே வராது என்று எண்ணிவிடக் கூடாது. கேட்கும்போதெல்லாம் கடவுச்சொல்லை அடித்துக் கொடுப்பவரை எந்தத் தளத்தாலும் காப்பாற்ற இயலாது.

இரண்டு மாத அலட்சியம்

'அப்டேட்' என்னும் புதுப்பித்தல் செய்தி திரையில் தோன்றியதும் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்குவது நம் வழக்கம். அதன் விலை என்ன என்பதை 2017ஆம் ஆண்டு உலகம் கண்டது.

விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து, அதை அடைக்கும் புதுப்பித்தலை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. மே 12 அன்று 'வானாக்ரை' என்னும் பணயத் தீநிரல் அதே ஓட்டையின் வழியாகப் புகுந்தது. இடையில் இருந்தவை ஏறத்தாழ இரண்டு மாதங்கள். சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. நம் அண்டை மாநிலமான ஆந்திராவில் காவல்துறையின் கணிப்பொறிகளும் தப்பவில்லை. மார்ச் மாதப் புதுப்பித்தலைச் செய்து வைத்திருந்தவர்களிடம் அந்த ஓட்டையின் வழியே அதனால் நுழைய முடியவில்லை.

2022 நவம்பர் 23 அன்று புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இதே வகைத் தாக்குதலில் முடங்கின. இரண்டு வாரங்கள் அளவிற்கு நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. மருத்துவமனையை நம்பி வாழும் நம் வேலூர் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கோப்பு திறக்கவில்லை என்றால் எங்கோ ஒரு நோயாளி வரிசையில் காத்துக் கிடக்கிறார் என்று பொருள்.

காலாவதியாகும் காவலன்

மருந்துக்குக் காலாவதி தேதி இருப்பது போல் இயங்குதளத்துக்கும் உண்டு. அத்தேதிக்குப் பின்னும் கணிப்பொறி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இலர். எக்ஸ்பிக்கு அந்நாள் 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. பாகாயத்து வீட்டில் 2021இல் ஓடிக் கொண்டிருந்தது விண்டோஸ் 7 என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எக்ஸ்பியின் காலம் முடியும் தறுவாயில் தமிழக அரசு எடுத்த முடிவு நினைவுகூரத் தக்கது. அரசுத் துறைகள் தம் கணிப்பொறிகளில் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துமாறு 2014இல் அறிவுறுத்தப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது, இலவசமானது, தமிழிலும் இயங்குவது. 2023இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகமும் இதே எண்ணத்தில், உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' என்னும் இயங்குதளத்தைத் தன் கணிப்பொறிகளுக்குத் தேர்ந்தது.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் இல்லத்தார் என்ன செய்வது? விண்டோஸ் 11க்கு மாறலாம். ஆனால் அதற்கு 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். கணிப்பொறி தொடங்கும்போதே போலி இயங்குதளம் புகாமல் சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' வசதியும் வேண்டும். 2017, 2018ஆம் ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறிகள் பல இதில் தேறுவதில்லை. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்து கொண்டால் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பித்தல் தருவதாக மைக்ரோசாஃப்ட் ஒரு தவணையை அறிவித்தது. புதிய கணிப்பொறி வாங்க வசதியில்லாதவர்கள் பழையதிலேயே லினக்ஸை நிறுவிக் கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்திற்கும் கடிதம் எழுதவும் அது தாராளமாகப் போதும். கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துவோர் மட்டும், அது லினக்ஸில் இயங்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

திருடு போனாலும் திறக்காத பெட்டி

கடவுச்சொல் மட்டும் இருந்தால், கணிப்பொறியைத் திருடியவன் அதன் வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துவிடலாம். இதைத் தடுப்பது குறியாக்கம். வட்டில் உள்ள அனைத்தையும் சாவியில்லாமல் படிக்க முடியாத எழுத்தாக மாற்றிவிடும் முறை அது. விண்டோஸின் உயர் பதிப்புகளில் 'பிட்லாக்கர்' என்ற பெயரிலும், வீட்டுப் பதிப்புள்ள பல புதிய கணிப்பொறிகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரிலும் இது உள்ளது. லினக்ஸில் நிறுவும்போதே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் கவனம்! பிட்லாக்கருக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று உண்டு. பழுது பார்க்கும்போதோ வேறு காரணத்தாலோ கணிப்பொறி அதைக் கேட்கக்கூடும். இல்லையெனில் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்கா. அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அதே கணிப்பொறிக்குள் மட்டும் சேமித்து வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

காவலனால் இயலாதது

இவ்வளவு பூட்டுகளும் சேர்ந்தாலும் காக்க முடியாத ஒன்று உண்டு. நம் பகுதியின் உயிர்நாடியான தோல் ஏற்றுமதியில் விலை பேசுவதும் சரக்கு அனுப்புவதும் பணம் கேட்பதும் மின்னஞ்சலிலேயே நடக்கின்றன. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பவும்' என்று, ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. நம்பி அனுப்பினால் பணம் போனதுதான். இதில் கணிப்பொறியில் எந்த ஓட்டையும் இல்லை, ஏமாந்தது மனிதர். பழக்கமான தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, பழக்கமான குரலில் உறுதி செய்து கொள்வதே இதற்கு மருந்து.

பணம் பறிபோனதாக அறிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இன்றே செய்ய வேண்டியவை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கணிப்பொறி தெரிந்த பிள்ளையை அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் ஒரு சாதாரணக் கணக்கு. நிர்வாகிக் கணக்கு தனியே, அன்றாடம் பயன்படுத்தாதபடி.

இரண்டாவது, தானியங்கிப் புதுப்பித்தல், தீயரண், வைரஸ் தடுப்பு ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்று பார்த்தல்.

மூன்றாவது, திருட்டுப் பிரதி மென்பொருள்களை நீக்குதல். காசு கொடுக்க இயலாதவர்க்கு நேர்மையான இலவச மென்பொருள்கள் எத்தனையோ உள்ளன.

நான்காவது, முக்கியக் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, அதைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்தல். மாட்டியே வைத்திருந்தால் பூட்டுபவன் அதையும் பூட்டிவிடுவான்.

ஐந்தாவது, பிறருடைய ஆவண நகல்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுதல். நம்மிடம் இல்லாததை எவனும் நம்மிடமிருந்து திருட முடியாது.

மீண்டும் அந்த வீட்டிற்கு

பாகாயத்து நண்பர் என்ன செய்தார் என்று சொல்வதாகக் கூறினோம். பதிவேட்டைப் பார்த்துப் பெயர்ப் பட்டியல் எடுத்தார். நோய்ப்பரவல் சற்றுத் தணிந்ததும் வீடு வீடாகப் போனார். வாசலில் நின்றபடியே, 'உங்கள் நகல் என்னிடம் இருந்தது, இப்படி நேர்ந்துவிட்டது. உங்கள் பெயரில் ஏதேனும் கடனோ சிம் கார்டோ வந்தால் உடனே கவனியுங்கள். என் கவனக்குறைவை மன்னியுங்கள்' என்றார். சிலர் கோபித்தார்கள். பலர், 'நீங்கள் சொன்னதே பெரிது' என்றார்கள். ஒருவரும் தம் வேலையை அவரிடம் கொடுப்பதை நிறுத்தவில்லை.

கணக்குகளைக் காகிதப் பேரேடுகளிலிருந்து மூன்று மாதம் உட்கார்ந்து மீண்டும் ஏற்றினார். நிக்காஹ் புகைப்படங்கள் மட்டும் தப்பின. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள், முன்பொரு பெருநாளுக்கு வந்தபோது ஒரு வெளிவட்டில் படியெடுத்துச் சென்றிருந்தாள். அவள் அதைப் பாதுகாப்பு என்று எண்ணிச் செய்யவில்லை. ஆசைக்கு எடுத்துச் சென்றாள். அதுவே காத்தது.

இன்று அந்த வீட்டுக் கணிப்பொறியின் நிர்வாகிக் கடவுச்சொல் அத்தாவிடம் இல்லை, மகனிடமும் இல்லை. ஒரு தாளில் எழுதப்பட்டு அம்மாவின் பீரோவில், நகைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். புதிய மென்பொருள் எது வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் வந்து நிற்க வேண்டும். அம்மாவுக்குக் கணிப்பொறி தெரியாது. ஆனால் அவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் பீரோ திறக்கும். 'இது எதற்கு? யார் தந்தது?'

எந்த இயங்குதளமும் அந்த இரண்டு கேள்விகளை இவ்வளவு அழுத்தமாகக் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் அந்தச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று இன்றிரவே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.